தூக்கிப் போடுவது வேறு, பேசுவது வேறு

கேள்வி:

வணக்கம் ஐயா. எனக்கு 47 வயது. காங்கேயத்தில் கொப்பரைக் களமும் சின்னதாக ஓர் எண்ணெய் மில்லும் வைத்திருக்கிறேன். இத்தனை வருடமும் லாரி, பிக்அப், பிறகு ஓர் இன்னோவா என்றே ஓடிவிட்டது. மகளைக் கல்லூரியில் சேர்த்தாயிற்று. எனக்கென்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. கோவையில் இரண்டு பழைய வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2018 போர்ஷே 718 கேமன். முந்தைய ஓனர் ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்காகக் காயில்ஓவர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த, உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய செட்), சாய்க்க முடியாத பக்கெட் சீட், வேறு சைலன்சர் எல்லாம் மாட்டியிருக்கிறார். இன்னொன்று 2019 பி.எம்.டபிள்யூ இசட்4 எம்40ஐ. கம்பெனியில் இருந்து வந்தபடியே இருக்கிறது.

கேமனைக் கோவையில் இருந்து ஓட்டிக்கொண்டு பல்லடம் வருவதற்குள் இடுப்பு வலித்துவிட்டது. ஆனால் அதே வண்டியில் ஒரு விடியற்காலை ஆழியாறு தாண்டி மலை ஏறிய கால் மணி நேரத்தை மறக்க முடியவில்லை. ரோட்டில் கிடந்த பொடிக்கல் கூடக் கையில் தெரிந்தது. இசட்4-இல் குறை என்று ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்து தூங்கியே போய்விட்டார். நண்பர்கள் "அது சோபா, வயசானவங்க வண்டி" என்கிறார்கள். இரண்டு வருடம் முன்பு இடுப்பெலும்பில் எல்4-எல்5 டிஸ்க் தொந்தரவு வந்து மூன்று மாதம் பிசியோதெரபி எடுத்தேன். இப்போது பரவாயில்லை. வீட்டில் ஒன்றுதான் கேட்டார்: "ரெண்டே சீட்டு இருக்கற வண்டி வாங்கறீங்க. அந்த ரெண்டாவது சீட்டு யாருக்குங்க?" எனக்குப் பதில் வரவில்லை. முரட்டு வண்டியா, சொகுசு வண்டியா? எதை வாங்கட்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காங்கேயம்

பதில்:

வணக்கம். கேமனை வாங்குங்கள். ஆனால் அது இப்போது நிற்கிற நிலையில் வாங்காதீர்கள். கழற்றிய பழைய பாகங்கள் கிடைக்கவில்லை என்றால், தயங்காமல் இசட்4-க்குப் போய்விடுங்கள். கோவை கணபதியில் பட்டறை வைத்து முப்பது வருடமாகச் சஸ்பென்ஷன் வேலை மட்டுமே பார்க்கிறவன் என்ற முறையில், ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

"முரட்டு வண்டி" என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டீர்கள். அதற்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. வண்டி தூக்கிப் போடுவது ஒன்று. இரைச்சல் இன்னொன்று. ரோட்டில் நடப்பதை வண்டி உங்கள் கைக்கும் இடுப்புக்கும் சொல்வது மூன்றாவது. ஆழியாற்றுக்கு மேலே உங்களைக் கட்டிப்போட்டது இந்த மூன்றாவது விஷயம். "பொடிக்கல் கூடக் கையில் தெரிந்தது" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பல்லடம் ரோட்டில் உங்கள் இடுப்பை வலிக்க வைத்தது முதல் விஷயம். ஒரே வண்டியில் இரண்டும் இருந்ததால் ஒன்றில்லாமல் மற்றொன்று கிடைக்காது என்று நினைத்துவிட்டீர்கள். கிடைக்கும்.

ஒரு வண்டியின் உடம்பை அமுக்கி விட்டால் விநாடிக்கு எத்தனை முறை அது மேலும் கீழும் ஆடப் பார்க்கிறது என்பதுதான் எங்கள் தொழிலில் முதல் கணக்கு. சாதாரணக் குடும்ப வண்டி என்றால் ஒன்றில் இருந்து ஒன்றரை முறை. நல்ல ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றரையில் இருந்து இரண்டு. காற்றின் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய, இறக்கை வைத்த ரேஸ் கார்களில் மூன்று, நான்கு, அதற்கும் மேலே போகும். ஸ்பிரிங்கை இரண்டு மடங்கு விறைப்பாக்கினாலும் இந்தத் தாளம் 1.7-இல் இருந்து 2.4-க்குத்தான் ஏறும். எண்ணாகப் பார்த்தால் சின்ன ஏற்றம்தான். இடுப்புக்கு அது சின்னது இல்லை. உட்கார்ந்திருக்கிற மனித உடம்பு, குறிப்பாக முதுகெலும்பு, விநாடிக்கு நான்கில் இருந்து ஆறு முறை வரையான குலுக்கலைத் தாங்கிக்கொள்ளாமல் கூட்டிக்கொள்ளும். ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளினால் எப்படி உயரம் ஏறுகிறதோ, அப்படி. வண்டியின் தாளம் மேலே ஏற ஏற அந்தப் பகுதியை நெருங்குகிறது. ரோட்டின் சிறு குலுக்கலை வடிகட்டி நிறுத்துவதும் அந்த அளவுக்குக் குறைகிறது. பல்லடம் வருவதற்குள் வலித்தது உங்கள் வயதால் மட்டும் இல்லை. அந்த ஸ்பிரிங்கில் உட்கார்ந்தால் இருபத்தைந்து வயதுப் பையனுக்கும் வலிக்கும். அவன் வெளியே சொல்ல மாட்டான்.

இறுக்கிய வண்டிதான் நன்றாக ஓடும் என்பது நம் பகுதி இளைஞர்களிடம் ஆழமாக ஊறிய நம்பிக்கை. ஒரு காலத்தில் நானும் அப்படி நம்பியவன்தான். 1997-இல் என் மாருதி எஸ்டீம் காருக்கு நானே விறைப்பான ஸ்பிரிங் போட்டு, உயரத்தைக் குறைத்து, பண்ணாரியில் இருந்து திம்பம் ஏறினேன். மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். பாரம் ஏற்றிய லாரிகள் ஏறி இறங்கி, ஒரு வளைவின் நடுவே தார் அலை அலையாகப் புரண்டு கிடந்தது. சமதளத்தில் ரயில் மாதிரி போன வண்டி, அந்த அலையில் பின் சக்கரங்களைத் தரையில் வைக்க முடியாமல் தத்தித் தத்திப் பக்கவாட்டில் நகர்ந்தது. எதிரே கரும்பு லாரி இறங்கி வந்தது. ஒரு சாண் இடைவெளியில் தடுப்புச் சுவரை ஒட்டி நின்றேன். அன்றைக்குக் கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது. டயர் தரையில் இருக்கிற வரைக்கும்தான் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் வேலை செய்யும். மோசமான ரோட்டில் டயரைத் தரையோடு வைத்திருப்பது மென்மையான ஸ்பிரிங்கும், அதை அடக்கி ஆளுகிற நல்ல ஷாக்கும்தான். ராலி வண்டிகளைப் பாருங்கள். கல்லிலும் பள்ளத்திலும் அவ்வளவு வேகமாகப் போகிற அந்த வண்டிகளில் சக்கரம் மேலும் கீழும் போய்வர நிறைய இடம் விட்டிருப்பார்கள், ஸ்பிரிங்கும் இளகலாகவே இருக்கும்.

இதற்கு இன்னும் நல்ல சாட்சி 1996-இல் வந்த லோட்டஸ் எலீஸ். உலகத்தில் முரட்டு வண்டி என்று பேசுகிறவர்கள் முதலில் சொல்கிற பெயர்களில் அது ஒன்று. பவர் ஸ்டீயரிங் கிடையாது, உள்ளே அலங்காரம் கிடையாது, எடை 700 கிலோவுக்குச் சற்றுத்தான் அதிகம். ஆனால் அதன் ஸ்பிரிங் மென்மையானது, குண்டும் குழியுமான ரோட்டில் பணிந்து போகும். எடை இல்லாத வண்டியை அடக்க விறைப்பு தேவைப்படவில்லை. கைக்கு எல்லாமே தெரியும், இடுப்பு உடையாது. நம் ஊரில் எலீஸ் வாங்குவது நடக்கிற காரியம் இல்லை. ஆனால் அது சொல்லித் தருகிற பாடத்தை உங்கள் கேமனுக்கு அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் கேமனும் கம்பெனியில் இருந்து வந்தபோது முரட்டு வண்டி இல்லை. அது தினமும் ஆபீஸுக்கு எடுத்துப் போகிறவர்களையும் மனதில் வைத்துச் செய்த வண்டி. எஞ்சின் சீட்டுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் இருக்கிறது. கனம் நடுவில் குவிந்திருப்பதால், ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் மூக்கு தயங்காமல் திரும்பும். மலை ஏறும்போது நீங்கள் அனுபவித்தது பெரும்பாலும் இதைத்தான். இது சேஸிஸோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) பிறந்த குணம். முந்தைய ஓனர் போட்ட காயில்ஓவர் கொடுத்தது இல்லை. ஆகவே காயில்ஓவரைக் கழற்றினாலும் அந்தக் குணம் எங்கேயும் போய்விடாது.

இசட்4 பற்றி உங்கள் நண்பர்கள் சொல்வது நியாயம் இல்லை. அந்த எம்40ஐ-யில் இருப்பது வரிசையாக ஆறு சிலிண்டர் வைத்த 3 லிட்டர் டர்போ எஞ்சின், 340 குதிரைசக்தி. உங்கள் கேமனில் நாலு சிலிண்டர், 2 லிட்டர், 300 குதிரைசக்தி. நின்ற இடத்தில் இருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட இசட்4 எடுத்துக்கொள்வது நாலரை விநாடி அளவு. கேமன் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளும். "சோபா" என்று அவர்கள் சொல்கிற வண்டி நேர் ரோட்டில் முன்னால் போய்விடும். எஞ்சினின் நயத்தைப் பொறுத்தவரை நான் இசட்4 பக்கம்தான். அந்த ஆறு சிலிண்டர் பாடுகிற மாதிரி கேமனின் நாலு சிலிண்டர் பாடாது. உங்கள் வண்டியில் சைலன்சரை மாற்றியதற்கும் அதுதான் காரணமாக இருக்கும்.

இசட்4-இல் எனக்குக் குறையாகப் படுவது வேறு. எடை 150 கிலோவுக்கு மேல் கூடுதல். நீளமான பானெட்டுக்குப் பின்னால், பின் அச்சுக்குக் கிட்டத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறீர்கள். வளைவில் வண்டியின் முகம் உங்களை விட்டுத் தள்ளி எங்கேயோ திரும்புகிற மாதிரி இருக்கும். கூடவே, பின் சக்கரம் குழியில் விழுந்தால் அது நேராக உங்கள் இருக்கைக்கு வரும். சொகுசு வண்டி என்றாலும், சில மேடுகளில் கேமனைவிட இசட்4-இன் பின்பக்கம்தான் உங்களை எழுப்பிவிடும். ஓட்டிப் பார்க்கும்போது இதைக் கவனியுங்கள்.

மலை ரோட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆழியாற்றில் இருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலை என்றால் 70. அந்த வளைவுகளை முதல் கியரிலோ இரண்டாவதிலோ, மணிக்கு இருபது கி.மீ. சுற்றியே எடுக்க முடியும். 300 குதிரையோ 340 குதிரையோ, அங்கே அவிழ்த்துவிட இடமே இல்லை. அவிழ்த்துவிடவும் கூடாது. லோம்ஸ் வியூ காட்சிமுனை இருக்கிற ஒன்பதாவது வளைவுப் பக்கம் வரையாடு ரோட்டோரத்தில் மேய்ந்துகொண்டிருக்கும், மேலே போகப்போக யானையும் வரும். அந்த வேகத்தில் கிடைக்கிற சுகம் முழுக்க ஸ்டீயரிங்கின் கனம், பிரேக் மிதி எங்கே கடிக்கிறது என்ற தெளிவு, வண்டி எவ்வளவு இலகுவாகத் திரும்புகிறது என்பது, இவ்வளவுதான். சக்தி முக்கியம் என்றால் இசட்4. மெதுவாகப் போகும்போதும் பேசுகிற வண்டி வேண்டும் என்றால் கேமன். நீங்கள் எழுதிய கடிதம் இரண்டாவது ஆளுடையது. நான் கேமனைச் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

சரி, காங்கேயத்து ரோட்டுக்கு வருவோம். உங்கள் வாழ்க்கையில் வால்பாறை மாதம் ஒரு நாள். பல்லடம் ரோடும், தாராபுரம் ரோடும், களத்துக்குப் போகிற ஊர் ரோடும் மற்ற நாளெல்லாம். தாழ்ந்த வண்டிக்கு நம் பக்கம் முதல் எதிரி வேகத்தடை. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரத்தில் வளைந்த மேடு. உங்கள் இரண்டு வண்டிக்கும் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே ஏறக்குறைய 2.47 மீட்டர். அந்த மேட்டின் மேல் நான்கு சக்கரமும் ஏறி நிற்கும்போது நடுவயிற்றின் பக்கம் மேடு எழும்புவது நாலரை செ.மீ. தான். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஆக, முறையாகப் போட்ட வேகத்தடையில் இந்த இரண்டு வண்டியின் வயிறும் அடிபடாது.

அடிபடுவது, ஊரார் விபத்துக்குப் பயந்து ஒரே ராத்திரியில் தாரைக் குவித்துப் போட்ட, ஒரு முழ அகலத்து மேட்டில். அதன் முழு உயரமும் அப்படியே வயிற்றுக்கு அடியில் வந்துவிடும். கம்பெனி உயரத்தில் கேமனின் வயிறு தரையில் இருந்து சுமார் 13 செ.மீ. காயில்ஓவரில் அதை இரண்டு மூன்று செ.மீ. இறக்கிவிட்டால் 10 தான் மிச்சம். நீங்கள் தினமும் தாண்டுகிற மேடுகளை டேப் வைத்து அளந்து பாருங்கள். ஸ்கேலும் நேரான ஒரு மரச்சட்டமும் போதும். பத்து நிமிட வேலை. பின்னால் பம்பருக்கும் அடித்தட்டுக்கும் செலவழிக்கப் போகிற காசை அது சொல்லிவிடும். 12 செ.மீ.க்கு மேல் உயரமான முழ அகல மேடு களத்து ரோட்டில் இரண்டு இருந்தால், அந்த ரோட்டுக்கு இன்னோவாவையே வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இடங்களில் குறுக்காக ஏற்றி, ஒவ்வொரு சக்கரமாக இறக்குங்கள். எதிரே யாரும் வரவில்லை என்று பார்த்த பிறகு.

இப்போது அந்தக் கேமனில் என்ன செய்ய வேண்டும் என்பது.

முதலில் பக்கெட் சீட். எனக்கு அதில் இருக்கிற பயம் வலியைப் பற்றியது மட்டும் இல்லை. கேமனில் பக்கவாட்டு மோதலில் மார்பைக் காக்கிற ஏர்பேக் சீட்டுக்கு உள்ளேயே இருக்கிறது. சீட்டைக் கழற்றி வெளியில் வாங்கிய பக்கெட்டை மாட்டினால் அந்த ஏர்பேக் போயிற்று. டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியாமல் இருக்க ஒயரில் ஒரு ரெசிஸ்டரைச் சொருகிவிடுவார்கள். வாங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. உங்கள் துணைவியார் உட்காரப் போகிற சீட்டும் அதுதான். ஒரிஜினல் சீட் இரண்டும் கிடைக்காமல் இந்த வண்டியை வாங்க வேண்டாம். இதில் மட்டும் பேரத்துக்கு இடமே இல்லை.

இரண்டாவது சஸ்பென்ஷன். கம்பெனி ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஓனரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். டிராக்குக்குப் போகிறவர்கள் பொதுவாகக் கழற்றியதைப் பத்திரமாக ஷெட்டில் வைத்திருப்பார்கள். அடுத்து, கியர் லீவர் பக்கத்து பட்டன்களில் ஷாக் படம் போட்ட பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வண்டி எலெக்ட்ரானிக் ஷாக்கோடு வந்தது. ரோட்டுக்குத் தகுந்தபடி தானே இளகி, தானே இறுகும். காயில்ஓவர் போட்டபோது அதன் ஒயரைக் கழற்றி, எச்சரிக்கை விளக்கு எரியாமல் இருக்க ஓர் ஏமாற்று மாட்யூல் வைத்திருப்பார்கள். அது திரும்பப் பழைய நிலைக்கு வந்தால் நீங்கள் ஓட்டியது வேறு வண்டி, வாங்குவது வேறு வண்டி. அவ்வளவு மாறும். ஷாக்கில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, ரப்பர் புஷ்கள் வெடித்திருக்கிறதா என்று பிட்டில் ஏற்றிப் பார்த்து, மாட்டியபின் நான்கு சக்கர அலைன்மென்ட் செய்யச் சொல்லுங்கள். இந்தச் செலவை விலையில் கழித்துக் கேட்பது நியாயம்தான்.

காயில்ஓவரையே இளக்கி வைத்து ஓட்டலாமே என்று யாராவது சொல்வார்கள். உயரத்தைக் கூட்டலாம், ஷாக்கை இளக்கலாம். ஆனால் ஸ்பிரிங் அதே ஸ்பிரிங். விறைப்பான ஸ்பிரிங்கில் ஷாக்கை மட்டும் இளக்கினால் வண்டி துள்ளிக்கொண்டே இருக்கும். அது இடுப்புக்கு இன்னும் மோசம்.

சைலன்சர் மூன்றாவது. மலையில் கால் மணி நேரம் அந்த உறுமல் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஒரே வேகத்தில் கரூர் வரை போகும்போது அதே சத்தம் தலைக்குள் கும்மென்று நின்றுவிடும். தவிர, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. விபத்து ஒன்று நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் கேள்வி கேட்க நாமே வழி விட்ட மாதிரி ஆகும். அதைக் கழற்றிவிட்டு, கம்பெனி சைலன்சரையே மாட்டுங்கள்.

இன்னொன்று, நம் பகுதிக்கே உரியது. கேமனின் ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரண்டு ஓரத்திலும் காற்று நுழைகிற வாய்களுக்குள் இருக்கின்றன. எல்லா ஊரிலும் அங்கே இலை சருகு சேரும். பல்லடம், சோமனூர்ப் பக்கம் ஓடின வண்டிகளில் பஞ்சுத் துகளும் சேர்ந்து கம்பளி மாதிரி அடைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் களத்தில் தேங்காய் நாரும் சேர்ந்துகொள்ளும். வாங்குவதற்கு முன் பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பிறகு வருடம் ஒருமுறை, வெயில் காலத்துக்கு முன்பு. ஈரத்தோடு குப்பை தங்கினால் ரேடியேட்டர் அரித்துப் போகும்.

டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் டயர் செய்த வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தையும் சொல்லும். ஆறு வருடம் தாண்டியிருந்தால் டயரில் தேயாமல் பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ரப்பர் கல்லாகியிருந்தால் வண்டியின் மேல் பழி போடுவீர்கள். பெட்ரோல் மூடியின் உள்பக்கத்தில் எத்தனால் எவ்வளவு வரை போடலாம் என்று இருக்கும், ஓனர் புத்தகத்திலும் இருக்கும். இப்போது நம் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. இதை இரண்டு வண்டிக்கும் பாருங்கள். பதிவு வேறு மாநிலமாக இருந்தால் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்கி, 29, 30 படிவங்களில் பெயர் மாற்றுகிற வரைக்கும் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

முதுகைப் பற்றி ஒரு வார்த்தை. நான் வைத்தியர் இல்லை. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் உங்களுக்குச் சிகிச்சை கொடுத்தவரிடம் போய், தரையோடு ஒட்டிய இருக்கையில் ஏறி இறங்கலாமா என்று கேளுங்கள். டிஸ்க் தொந்தரவு வந்தவர்கள் பலர் வண்டி ஓடும்போது சமாளித்துவிடுகிறார்கள். இறங்கும்போது இடுப்பைத் திருகித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கதவைத் திறந்து, முதலில் இரண்டு காலையும் சேர்த்து வெளியே வைத்து, பிறகு கையை ஊன்றி எழுந்திருங்கள். ஏறும்போது முதலில் உட்கார்ந்து, பிறகு கால்களைச் சேர்த்து உள்ளே. இதில் இரண்டு வண்டிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டுமே தாழ்வு. மருத்துவர் வேண்டாம் என்றால் இரண்டும் வேண்டாம்.

இனி, வீட்டில் கேட்ட கேள்வி. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அதுதான். இசட்4-இல் அவர் தூங்கியதை அந்த வண்டிக்குக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. கணவர் புது வண்டி ஓட்டும்போது பக்கத்தில் இருப்பவர் கால் விரலை ஊன்றி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வருவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவர் தூங்கினார் என்றால் அந்த வண்டியையும் உங்கள் ஓட்டத்தையும் நம்பினார் என்று அர்த்தம். இத்தனை வருடம் களமும் மில்லும் என்று நீங்கள் ஓடியபோது வீட்டை அவர் தூக்கிச் சுமந்திருக்கிறார். இப்போது இருவர் மட்டும் போகிற ஒரு வண்டி வரப்போகிறது என்று தெரிந்ததும், அதில் எனக்கு இடம் உண்டா என்று கேட்கிறார். இதைக் கேட்க அவருக்கு எவ்வளவோ உரிமை இருந்தும் இவ்வளவு மென்மையாகக் கேட்டிருக்கிறார். இன்னொன்றையும் யோசியுங்கள். அவருடையது இரண்டாவது சீட்டுதான் என்று யார் முடிவு செய்தது? அவருக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்றால் சாவியைக் கொடுத்துப் பாருங்கள். தெரியாது என்றால், கற்றுக்கொள்ள விருப்பமா என்று கேளுங்கள். என் பட்டறைக்கு வருகிற ஒரு தம்பதியில் வேகத்தடையை ஒரு சத்தமும் இல்லாமல் ஏற்றி இறக்குவது அந்த அம்மாதான்.

இசட்4 பக்கம் அவருக்காகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அதன் துணிக்கூரை திறக்கும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது, பொள்ளாச்சி தென்னந்தோப்புகளுக்கு நடுவே சாயங்காலம் கூரையைத் திறந்துவிட்டு உடுமலை நோக்கிப் போவது கேமனில் கிடைக்காத அனுபவம். பங்குனி, சித்திரை வெயிலில் அந்தக் கூரையைத் தொடக்கூட முடியாது. ஆனாலும் அந்தக் காற்று அவருக்குப் பிடித்துப்போனால், நான் மேலே எழுதிய ஸ்பிரிங் கணக்கையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு இசட்4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நீங்கள் தோற்றதாக ஒன்றும் இல்லை.

ஆகவே ஓட்டிப் பார்ப்பதை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். கேமனில் பழைய ஸ்பிரிங், சீட் எல்லாம் திரும்ப ஏறியபின், இரண்டு வண்டிகளையும் அடுத்தடுத்த இரண்டு நாள் ஒரே வழியில், ஒரே நேரத்தில் எடுங்கள். கிளம்பும்போது டயர் ஆறியிருக்க வேண்டும், காற்று கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கே இருக்க வேண்டும். காங்கேயத்தில் இருந்து பல்லடம், அங்கிருந்து காமநாயக்கன்பாளையம் வழியாகப் பொள்ளாச்சி, பிறகு ஆழியாறு, ஒன்பதாவது வளைவு வரை. நெடுஞ்சாலை, ஊர் ரோடு, மலை மூன்றும் அதில் வந்துவிடும். போகும்போது நீங்கள் ஓட்டுங்கள். பொள்ளாச்சியில் நிறுத்தி ஒரு காபி குடித்துவிட்டு, எழுந்திருக்கும்போது இருவர் இடுப்பும் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். திரும்பும்போது நீங்கள் பக்கத்துச் சீட்டில் உட்காருங்கள். அவரோ, ஓனரோ ஓட்டட்டும். அந்தச் சீட்டில் ஒரு மணி நேரம் உட்காராமல் இருவருக்கான வண்டியைப் பற்றி எந்த முடிவும் செய்ய முடியாது.

வேகம் பார்க்கிற ஆசை மிச்சம் இருந்தால் அதற்கு நமக்கு ஊரிலேயே இடம் இருக்கிறது. கோவையில் பட்டறை போட்டு நம் நாட்டுக்கு ரேஸ் கார் செய்து கொடுத்தவர் எஸ். கரிவர்தன். 1995-இல் விமான விபத்தில் அவர் மறைந்த பிறகு, செட்டிபாளையத்தில் 2003-இல் இருந்து ஓடுகிற அந்த டிராக்குக்கு அவர் பெயரையே வைத்தார்கள். கரி மோட்டார் ஸ்பீட்வே, இரண்டு கி.மீ.க்குச் சற்று அதிகம். பயிற்சிக்கு இடம் கொடுக்கிற நாள் கேட்டு, ஹெல்மெட் போட்டு, சொல்லித் தருகிறவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போங்கள். கம்பெனி ஸ்பிரிங்கே அங்கே உங்களுக்குத் தாராளமாகப் போதும். நாலு சுற்றுக்கு மேல் முதல் நாள் வேண்டாம். பிரேக் ஆயில் பழசாக இருந்தால் அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். சூடேறினால் மிதி கடைசி வரை போய்விடும்.

ஓனரிடம் பழைய சீட்டும் ஸ்பிரிங்கும் இருக்கிறதா என்று இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள். இருக்கிறது என்றால் வண்டியைப் பிட்டில் ஏற்றுகிற நாளில் அடித்தட்டை நான்கு பக்கமும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எங்கே உரசியிருக்கிறது, எவ்வளவு ஆழமாக உரசியிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.